ஊழியர் உள்நுழைவு விவரக் கசிவு மதிப்பீடு

ஊழியர் உள்நுழைவு விவரக் கசிவு மதிப்பீடு என்பது, ஒரு நிறுவனத்தின் ஊழியர்கள் பயன்படுத்தும் பயனர்பெயர், கடவுச்சொல் முதலியவை வெளியே கசிந்துள்ளனவா, கசிந்திருந்தால் அவற்றைக் கொண்டு அயலார் அந்நிறுவனத்தின் கணினி அமைப்புகளுக்குள் இன்றும் நுழைய முடியுமா என்பதைக் கண்டறியும் பணியாகும். இது கணினிப் பாதுகாப்புத் துறையின் ஒரு பகுதி.

கசிந்த விவரங்களின் எண்ணிக்கையை மட்டும் வைத்து ஆபத்தை அளக்க முடியாது. ஆயிரம் சாவிகள் தெருவில் கிடந்தாலும், பூட்டுகள் அனைத்தும் மாற்றப்பட்டிருந்தால் வீட்டுக்கு ஆபத்தில்லை. ஒரே ஒரு சாவி கிடந்து, அது எல்லோரும் மறந்துபோன கொல்லைப்புறக் கதவைத் திறக்குமானால் ஆபத்து பெரிது. ஆகவே கசிந்த சாவிகளில் எவை இன்னும் எந்தப் பூட்டைத் திறக்கின்றன என்று கண்டறிவதே இம்மதிப்பீட்டின் மையப் பணியாகும்.

## கசிவு நிகழும் வழிகள்

ஊழியரின் கடவுச்சொல் வெளியே செல்வதற்கு அவர் பணிபுரியும் நிறுவனமே தாக்கப்பட வேண்டும் என்பதில்லை. கசிவு பெரும்பாலும் பின்வரும் வழிகளில் நிகழ்கிறது.

பிற தளங்களில் நடக்கும் திருட்டு. ஊழியர் ஒருவர் அலுவலக மின்னஞ்சல் முகவரியைக் கொண்டு ஒரு வெளித்தளத்தில் கணக்குத் தொடங்குகிறார். அலுவலகத்தில் பயன்படுத்தும் கடவுச்சொல்லையே அங்கும் இடுகிறார். அந்த வெளித்தளத்தின் தரவுத்தளம் திருடப்படும்போது அலுவலகக் கடவுச்சொல்லும் சேர்ந்தே திருடர் கைக்குப் போகிறது. 2012 இல் லிங்க்ட்இன் தளத்தில் நடந்த திருட்டு இதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு. அதே ஆண்டில் டிராப்பாக்ஸ் நிறுவனம், பிற தளங்களில் திருடப்பட்ட கடவுச்சொற்களைக் கொண்டு தன் பயனர் கணக்குகள் சிலவற்றில் அயலார் நுழைந்ததாகவும், அவ்வாறு திருடப்பட்ட ஒரு கடவுச்சொல் தன் ஊழியர் ஒருவரின் கணக்கையும் திறந்துவிட்டதாகவும் அறிவித்தது. அந்த ஊழியரின் கணக்கில் பயனர்களின் மின்னஞ்சல் முகவரிகள் அடங்கிய ஆவணம் ஒன்று இருந்தது. 2012 இல் டிராப்பாக்சிலிருந்து எடுக்கப்பட்ட 6.8 கோடிக்கும் மேற்பட்ட கணக்குகளின் விவரங்கள் 2016 இல் வெளிவந்தன.

தகவல் திருடும் தீநிரல்கள். ரெட்லைன், ரக்கூன், விடார், லும்மா போன்ற தீநிரல்கள் கணினியில் புகுந்து, உலாவியில் சேமித்து வைக்கப்பட்டுள்ள கடவுச்சொற்களை மொத்தமாக அள்ளிச் செல்கின்றன. இவை பெரும்பாலும் திருட்டு மென்பொருள், விளையாட்டுக்கான ஏமாற்று நிரல் முதலியவற்றுடன் ஒட்டிக்கொண்டு வருகின்றன. கடவுச்சொல்லோடு குக்கிகளையும் இவை திருடுகின்றன. ஒருவர் ஏற்கெனவே உள்நுழைந்துவிட்டார் என்பதைத் தளத்துக்கு உணர்த்தும் அடையாளச் சீட்டே குக்கி. அது கிடைத்துவிட்டால் சில தளங்களில் கடவுச்சொல் இல்லாமலேயே நுழைந்துவிடலாம்.

மின்தூண்டில். ஃபிஷிங் எனப்படும் இம்முறையில், உண்மையான உள்நுழைவுப் பக்கம் போலத் தோன்றும் போலிப் பக்கம் அமைக்கப்படுகிறது. ஊழியர் தாமே தம் கடவுச்சொல்லை அதில் தட்டச்சு செய்து கொடுத்துவிடுகிறார்.

கவனக்குறைவு. நிரல் எழுதுவோர் கடவுச்சொல்லையோ திறவுகோல் குறியீட்டையோ நிரலுக்குள்ளேயே எழுதி, அதைப் பொது நிரல் களஞ்சியத்தில் பதிவேற்றிவிடுவது உண்டு.

இவ்வாறு கசிந்த விவரங்கள் தொகுக்கப்பட்டு விற்கப்படுகின்றன அல்லது இலவசமாகவே பகிரப்படுகின்றன. 2019 சனவரியில் வெளிவந்த 'கலெக்‌ஷன் 1' என்ற தொகுப்பில் மட்டும் ஏறத்தாழ 77.3 கோடி மின்னஞ்சல் முகவரிகள் இருந்தன. தாக்குவோர் இத்தகைய பட்டியலை எடுத்து, அதிலுள்ள ஒவ்வொரு மின்னஞ்சலையும் கடவுச்சொல்லையும் வேறு வேறு தளங்களில் தானியங்கி நிரல் மூலம் முயன்று பார்க்கின்றனர். இது கிரெடென்ஷியல் ஸ்டஃபிங் எனப்படுகிறது.

## கொலோனியல் பைப்லைன் நிகழ்வு

ஒரே ஒரு கணக்கு எவ்வளவு பெரிய இழப்பை உண்டாக்கும் என்பதைக் காட்டிய நிகழ்வு 2021 இல் அமெரிக்காவில் நடந்தது. கொலோனியல் பைப்லைன் நிறுவனத்தின் குழாய்வழி டெக்சாசு மாநிலத்தின் இயூசுட்டன் நகரிலிருந்து நியூயார்க் துறைமுகப் பகுதி வரை ஏறத்தாழ 8,850 கிலோமீட்டர் நீளமுடையது. அமெரிக்கக் கிழக்குக் கரைப் பகுதி பயன்படுத்தும் எரிபொருளில் ஏறத்தாழ 45 விழுக்காடு இதன் வழியே செல்கிறது.

2021 ஏப்ரல் 29 அன்று இந்நிறுவனத்தின் வலையமைப்பில் அயலார் நுழைந்தனர் எனப் பின்னர் நடந்த விசாரணையில் தெரியவந்தது. அவர்கள் நுழைந்த வழி வி.பி.என். கணக்கு ஒன்று. வி.பி.என். என்பது ஊழியர்கள் வெளியிலிருந்தபடியே அலுவலக வலையமைப்போடு இணைய உதவும் ஏற்பாடு. அந்தக் கணக்கு அப்போது வழக்கமான பயன்பாட்டில் இல்லை. ஆனாலும் மூடப்படாமல் இருந்தது. அதற்கு இருபடிச் சரிபார்ப்பு அமைக்கப்படவில்லை. கடவுச்சொல் மட்டுமே போதுமானதாக இருந்தது. அக்கடவுச்சொல் இருண்ட வலையில் கசிந்திருந்த ஒரு தொகுப்பில் காணப்பட்டதாக விசாரணையை நடத்திய மாண்டியன்ட் நிறுவனத்தினர் தெரிவித்தனர்.

மே 7 அன்று விடியற்காலையில் கட்டுப்பாட்டு அறைக் கணினி ஒன்றில் பணம் கேட்கும் அறிவிப்பு தோன்றியது. டார்க்சைடு என்னும் குழுவின் பணயத் தீநிரல் நிறுவனத்தின் அலுவலகக் கணினிகளைப் பூட்டியிருந்தது. தாக்குதல் குழாய்வழியை இயக்கும் கருவிகளுக்கும் பரவிவிடக்கூடும் என்று அஞ்சி, நிறுவனம் தானே குழாய்வழி முழுவதையும் நிறுத்தியது. மே 12 மாலையில்தான் மீண்டும் இயக்கம் தொடங்கியது. அந்நாட்களில் தென்கிழக்கு மாநிலங்களில் மக்கள் பெட்ரோல் நிலையங்களில் நீண்ட வரிசையில் நின்றனர். பல நிலையங்களில் இருப்பு தீர்ந்துபோனது. நிறுவனம் 75 பிட்காயின்களைப் பணயத் தொகையாகச் செலுத்தியது. அதன் அன்றைய மதிப்பு ஏறத்தாழ 44 இலட்சம் டாலர். அதில் 63.7 பிட்காயின்களை அமெரிக்க அரசு பின்னர் மீட்டது.

அதே ஆண்டு சூன் 8 அன்று அமெரிக்க மேலவைக் குழுவின் முன் சாட்சியளித்த நிறுவனத் தலைமைச் செயல் அலுவலர் ஜோசப் பிளவுன்ட், அக்கடவுச்சொல் எளிதில் ஊகிக்கக்கூடியதாக இருக்கவில்லை, சிக்கலானதாகவே இருந்தது என்று கூறினார். கடவுச்சொல் எவ்வளவு கடினமாக இருந்தாலும், அது கசிந்த பிறகு கடினத்தால் பயனில்லை. மேலும் எண்ணிக்கையில் பார்த்தால் இங்கே கசிந்து பயன்பட்டது ஒன்றே ஒன்றுதான்.

## மதிப்பீட்டின் படிநிலைகள்

எல்லையை வரையறுத்தல். முதலில் நிறுவனத்துக்குச் சொந்தமான அனைத்து டொமைன் பெயர்களும் பட்டியலிடப்படுகின்றன. பழைய பெயர்கள், வாங்கி இணைக்கப்பட்ட நிறுவனங்களின் பெயர்கள் ஆகியவையும் இதில் அடங்கும். அடுத்து ஆட்கள் பட்டியல். இப்போதைய ஊழியர்கள் மட்டுமன்றி, பணியிலிருந்து விலகியவர்கள், ஒப்பந்தப் பணியாளர்கள், யாருடைய பெயரிலும் இல்லாமல் மென்பொருளின் பயன்பாட்டுக்காக உருவாக்கப்பட்ட கணக்குகள் ஆகியனவும் சேர்க்கப்பட வேண்டும். இறுதியாக, வெளியிலிருந்து நுழையக்கூடிய வாயில்கள் அனைத்தும் பட்டியலிடப்படுகின்றன. மின்னஞ்சல், வி.பி.என்., மேகக் கணிமைச் சேவைகள், சம்பளக் கணக்கு மென்பொருள் போன்றவை இவ்வாயில்கள்.

கசிவுகளைத் தேடுதல். இதற்குப் பல சேவைகள் உள்ளன. ஆத்திரேலியரான டிராய் ஹன்ட் 2013 திசம்பரில் தொடங்கிய 'ஹேவ் ஐ பீன் போன்ட்' என்ற தளம் பரவலாக அறியப்பட்டது. டொமைன் தமக்குரியதே என்று மெய்ப்பிக்கும் நிறுவனம், தன் டொமைனில் முடியும் முகவரிகளில் எவை எந்தக் கசிவில் உள்ளன என்பதை இத்தளத்தில் அறியலாம். தகவல் திருடும் தீநிரல்களின் பதிவுகளைக் கண்காணித்துத் தரும் வணிகச் சேவைகளும் உண்டு.

தூய்மைப்படுத்துதல். ஒரே முகவரி பல தொகுப்புகளில் மீண்டும் மீண்டும் வரும். பழைய கசிவையே புதிய பெயரிட்டு விற்பதும் உண்டு. இல்லாத ஊழியர்களின் முகவரிகளும் கலந்திருக்கும். இவற்றை நீக்கிய பின்னரே உண்மையான அளவு தெரியும்.

செல்லுபடியாகுமா எனச் சரிபார்த்தல். கசிந்த கடவுச்சொல் இன்றும் பயன்பாட்டில் உள்ளதா என்பது இப்படியில் ஆராயப்படுகிறது.

கதவையும் அதன் பின்னுள்ளதையும் பார்த்தல். அக்கணக்கு எதைத் திறக்கும், இருபடிச் சரிபார்ப்பு உள்ளதா, கணக்குக்கு நிர்வாகி உரிமை உண்டா என்பன குறிக்கப்படுகின்றன.

## கணக்கிடும் முறை: ஓர் எடுத்துக்காட்டு

1,200 ஊழியர்கள் உள்ள ஒரு கற்பனை நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். தேடலில் அதன் டொமைனைச் சேர்ந்த 940 பதிவுகள் கிடைக்கின்றன.

மீண்டும் வருபவற்றை நீக்கினால் 610 தனி முகவரிகள் எஞ்சுகின்றன. அவற்றில் 360 இப்போதைய ஊழியர்களுடையவை, 250 விலகியவர்களுடையவை.

360 இல் 210 பேருக்கு மின்னஞ்சல் முகவரி மட்டுமே கசிந்துள்ளது, கடவுச்சொல் இல்லை. இவர்களுக்கு மின்தூண்டில் மடல்கள் வர வாய்ப்புண்டு. உடனடி நுழைவு ஆபத்து இல்லை. மீதி 150 பேரின் கடவுச்சொல்லும் கசிந்துள்ளது. ஒப்பிட்டுப் பார்க்கும்போது 138 பேருடையது இன்றைய கடவுச்சொல்லோடு பொருந்தவில்லை. 12 பேருடையது பொருந்துகிறது. அந்த 12 இல் 9 கணக்குகளுக்கு இருபடிச் சரிபார்ப்பு உள்ளது. 3 கணக்குகளுக்கு இல்லை.

விலகிய 250 பேரில் 246 பேரின் கணக்குகள் முறையாக மூடப்பட்டுவிட்டன, 4 மூடப்படவில்லை. அந்த நான்கில் ஒன்றின் கடவுச்சொல் கசிந்ததோடு பொருந்துகிறது. இருபடிச் சரிபார்ப்பும் இல்லை.

ஆக, 940 பதிவுகளுள் இன்றே தாக்குவோர் நுழையக்கூடிய கதவுகள் 3 + 1 = 4. அறிக்கையில் '940 கசிவுகள்' என்று மட்டும் எழுதினால் நிர்வாகம் அஞ்சும். எங்கே தொடங்குவது என்று தெரியாது. '4 திறந்த கதவுகள், அவற்றுள் ஒன்று விலகியவருடையது' என்று எழுதினால் அன்று மாலைக்குள் அவற்றை மூடிவிடலாம். கொலோனியல் நிறுவனத்தில் பயன்பட்ட கணக்கு இந்த நான்காவது வகையை ஒத்தது. இப்போதைய ஊழியர் பட்டியலை மட்டும் வைத்துத் தேடினால் இது கண்ணில் படாமலே போய்விடும்.

## கடவுச்சொல்லை வெளிப்படுத்தாமல் சரிபார்க்கும் முறை

கடவுச்சொல் கசிந்ததா என்று பார்க்க, அதையே ஒரு வெளித்தளத்துக்கு அனுப்புவது புதிய கசிவாகிவிடும். இச்சிக்கலுக்கு 2018 பிப்ரவரியில் ஹேவ் ஐ பீன் போன்ட் தளத்தில் ஒரு தீர்வு நடைமுறைக்கு வந்தது.

ஹாஷ் என்பது எந்தச் சொல்லையும் குறிப்பிட்ட நீளமுள்ள எழுத்து வரிசையாக மாற்றும் ஒருவழிக் கணித முறை. சொல்லிலிருந்து ஹாஷைப் பெறலாம். ஹாஷிலிருந்து நேராகச் சொல்லைப் பெற முடியாது. எஸ்.எச்.ஏ-1 முறையில் கிடைக்கும் ஹாஷ் பதினாறடிமான எண்முறையில் 40 எழுத்துகள் கொண்டது. நிறுவனத்தின் கணினி கடவுச்சொல்லின் ஹாஷைக் கணக்கிட்டு, அதன் முதல் 5 எழுத்துகளை மட்டும் தளத்துக்கு அனுப்புகிறது. அந்த ஐந்தில் தொடங்கும் கசிந்த ஹாஷ்கள் அனைத்தையும் தளம் திருப்பி அனுப்புகிறது. அவை நூற்றுக்கணக்கில் இருக்கும். அவற்றுள் தன்னுடையது உள்ளதா என்பதை நிறுவனத்தின் கணினியே பார்த்துக்கொள்கிறது.

ஐந்து பதினாறடிமான எழுத்துகளால் 16 × 16 × 16 × 16 × 16 = 10,48,576 பிரிவுகள் அமையும். எந்தப் பிரிவு என்பது மட்டுமே தளத்துக்குத் தெரியும்; பிரிவுக்குள் எந்தக் கடவுச்சொல் என்பது தெரியாது. பெரிய பள்ளியொன்றில் ஒரு மாணவர் இருக்கிறாரா என்று கேட்பதற்குப் பதிலாக, அவர் பெயரின் முதல் எழுத்தைச் சொல்லி அப்பட்டியல் முழுவதையும் வாங்கி, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வது போன்றது இது.

குறிப்பிட்ட ஊழியரின் கசிந்த கடவுச்சொல் இன்றும் பயன்பாட்டில் உள்ளதா என்பதை, அக்கடவுச்சொல்லின் ஹாஷை நிறுவனத்தின் சொந்தப் பயனர் தரவுத்தளத்தில் உள்ள ஹாஷோடு ஒப்பிட்டு அறியலாம். இதற்கு அவருடைய கணக்கில் உள்நுழைந்து பார்க்கத் தேவையில்லை. அப்படியே பொருந்தாவிட்டாலும் சிறு மாற்றங்களைக் கவனிக்க வேண்டும். இறுதியில் உள்ள 2023 ஐ 2024 என்று மாற்றுவது ஊழியர்களிடையே வழக்கம். தாக்குவோரும் இதை அறிவர்.

## கண்டறிந்த பின் செய்ய வேண்டியவை

திறந்த கதவுகளுக்குரிய கடவுச்சொற்கள் உடனே மாற்றப்பட வேண்டும். தீநிரல் வழியாகக் கசிந்திருந்தால் அது மட்டும் போதாது. தீநிரல் இன்னும் கணினியில் இருக்குமானால் புதிய கடவுச்சொல்லும் திருடப்படும். ஆகவே முதலில் கணினியைத் தூய்மை செய்து, நடப்பிலுள்ள அமர்வுகள் அனைத்தையும் துண்டித்து, அதன் பின்னரே கடவுச்சொல்லை மாற்ற வேண்டும். கசிந்த நாள் முதல் அக்கணக்கில் யார், எங்கிருந்து நுழைந்தனர் என்ற பதிவுகளையும் ஆராய வேண்டும். கதவைப் பூட்டும்போது திருடர் உள்ளேயே இருக்கக்கூடும்.

அனைவரும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கடவுச்சொல்லை மாற்ற வேண்டும் என்ற பழைய விதி இன்று பரிந்துரைக்கப்படுவதில்லை. அமெரிக்காவின் தேசியத் தரநிலைகள் மற்றும் தொழில்நுட்ப நிறுவனம் 2017 இல் வெளியிட்ட வழிகாட்டி, கட்டாயக் காலமுறை மாற்றத்தைத் தவிர்த்து, கசிந்ததற்கான சான்று கிடைக்கும்போது மாற்றுமாறும், புதிய கடவுச்சொற்களைக் கசிந்தவற்றின் பட்டியலோடு ஒப்பிட்டு ஏற்குமாறும் கூறுகிறது.

இருபடிச் சரிபார்ப்பு பெரிய பாதுகாப்பு; ஆனால் முழுமையானதன்று. 2022 செப்டம்பரில் ஊபர் நிறுவனத்தில் ஒப்பந்தப் பணியாளர் ஒருவரின் கடவுச்சொல், அவருடைய சொந்தக் கருவியில் புகுந்த தீநிரல் வழியாகக் கசிந்து விற்கப்பட்டிருக்கக்கூடும் என அந்நிறுவனம் தெரிவித்தது. தாக்கியவர் மீண்டும் மீண்டும் உள்நுழைய முயன்றதால் பணியாளருக்கு ஒப்புதல் கோரிக்கைகள் வந்துகொண்டே இருந்தன. இறுதியில் ஒன்றை அவர் ஏற்றுவிட்டார்.

## சட்டமும் ஊழியர் நலனும்

கசிந்த கடவுச்சொல் வேலை செய்கிறதா என்று அறிய, அதைப் பிறர் தளத்தில் இட்டுப் பார்ப்பது குற்றமாகும். ஊழியரின் சொந்தக் கணக்குகளில் நிறுவனம் அவ்வாறு செய்யவும் உரிமையில்லை. இந்தியாவின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000 இன் 66சி பிரிவின்படி, பிறருடைய கடவுச்சொல்லை மோசடியாகப் பயன்படுத்துவோருக்கு மூன்று ஆண்டுகள் வரை சிறையும் ஒரு இலட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கப்படலாம். ஊடுருவல் உண்மையிலேயே நடந்துள்ளது என்று தெரிந்தால் அறிவிக்கும் கடமையும் எழுகிறது. இந்தியாவில் செர்ட்-இன் அமைப்பின் 2022 ஏப்ரல் 28 நாளிட்ட ஆணைப்படி, அறிந்த 6 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் தனிநபர் தரவுகள் சார்ந்த மீறல்களுக்கு 72 மணி நேர வரம்பு உள்ளது.

கசிவுப் பட்டியல், ஊழியர் எந்தெந்தத் தளங்களில் கணக்கு வைத்திருந்தார் என்பதையும் காட்டிவிடும். மணத்துணை தேடல், உடல்நலம், கடன் சார்ந்த தளங்கள் அவற்றில் இருக்கலாம். இவ்விவரம் மதிப்பீடு செய்பவரைத் தாண்டி மேலாளருக்கோ சக ஊழியருக்கோ செல்லக்கூடாது. கசிவுக்காக ஊழியரைத் தண்டிக்கும் வழக்கமும் தீங்கானது. பல கசிவுகளில் தவறு வெளித்தளத்தினுடையது. தண்டனைக்கு அஞ்சும் ஊழியர், போலிப் பக்கத்தில் கடவுச்சொல்லை இட்டுவிட்டதை உணர்ந்தாலும் வாய் திறக்கமாட்டார். உடனே தெரிந்திருந்தால் ஐந்து நிமிடத்தில் முடியும் வேலை, பல மாதங்கள் கழித்துப் பேரிடராக வெளிப்படும்.

## வரம்புகள்

தேடலில் எதுவும் கிடைக்கவில்லை என்பதால் கசிவு இல்லை என்று முடிவு செய்ய முடியாது. லிங்க்ட்இன் திருட்டில் 2012 இல் வெளியே தெரிந்தவை ஏறத்தாழ 65 இலட்சம் கடவுச்சொல் ஹாஷ்கள் மட்டுமே. மேலும் ஏறத்தாழ 11.7 கோடிப் பயனர்களின் விவரங்கள் விற்பனைக்கு வந்தது 2016 இல்தான். இடைப்பட்ட நான்கு ஆண்டுகளில் தேடியவர்களுக்கு முழு உண்மை கிடைத்திருக்காது.

பழைய கசிவு என்பதற்காக அதைத் தள்ளிவிடவும் கூடாது. 2024 இல் ஸ்னோஃபிளேக் என்னும் மேகத் தரவுச் சேவையைப் பயன்படுத்திய நிறுவனங்களின் கணக்குகள் தாக்கப்பட்டபோது, பாதிக்கப்பட்டிருக்கக்கூடிய ஏறத்தாழ 165 நிறுவனங்களுக்கு அறிவிப்பு அனுப்பப்பட்டது. தாக்கியோர் பயன்படுத்திய கணக்குகளில் 79.7 விழுக்காட்டின் விவரங்கள் ஏற்கெனவே கசிந்திருந்தன என்று மாண்டியன்ட் கண்டறிந்தது. அவற்றுள் மிகப் பழையது 2020 நவம்பரில் தீநிரலால் திருடப்பட்டது. மூன்றரை ஆண்டுகளாக மாற்றப்படாத கடவுச்சொற்களும் இருபடிச் சரிபார்ப்பு இல்லாமையும் சேர்ந்தே கதவைத் திறந்தன.

இக்காரணங்களால் இம்மதிப்பீடு ஒருமுறை செய்து முடிக்கும் பணியன்று. ஊழியர் ஒருவர் விலகும் நாளில் அவருடைய கணக்குகள் அனைத்தும் மூடப்பட்டனவா என்று பார்ப்பதும், புதிய கசிவு வெளிவரும்போதெல்லாம் பட்டியலை மீண்டும் ஒப்பிடுவதும் இதன் பகுதிகளேயாகும்.